வரும்போது பார்த்துக்கொள்ளலாம்

திண்டுக்கல்லில் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயிலடிக்கு நடந்துபோன முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன். சேலை, கொண்டை, கை நிறையக் கண்ணாடி வளையல், முதுகில் இரண்டு வார் வைத்த ஒரு கித்தான் பை. பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு பையோடு என் வீட்டுக்காரர். தெருவே வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டுக்காரிக்கு வாய் சும்மா இருக்காது. "என்னக்கா, சாரும் நீங்களும் பட்டாளத்துல சேந்துட்டீகளா?" என்றாள். "ஆமா, உன் வீட்டுக்காரரையும் கேட்டாக. சும்மா உக்காந்து திங்குறதுக்கு ஒரு ஆள் கொறையுதாம், அனுப்பி வையி" என்றேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அது ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்தது கோபமில்லை, பயம். பயத்தையும் கோபமாகத்தான் காட்டத் தெரியும் எனக்கு.

பையை முதுகில் மாட்டிக்கொள்ளலாம் என்று சொன்னது அவர். யுத்தம் முடிந்து விலைக்கு வந்த பழைய ராணுவக் கித்தானை வாங்கி, பேகம்பூரில் தோல் தைக்கிற ஒருவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினார். பெட்டியைத் தூக்கினால் ஒரு கை போய்விடும். அவருக்கு இரண்டு கையும் வேண்டும். ஒன்று என் தோளைப் பிடிக்க, இன்னொன்று முன்னால் என்ன இருக்கிறதென்று துழாவ.

அவர் உயர்நிலைப் பள்ளியில் பூகோள வாத்தியார். ஐம்பதுகளின் நடுவில் அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முதலில் சாயங்காலம் ஆனால் தடுமாறினார். கதவு நிலையில் முட்டிக்கொண்டு வருவார், நான் வேறு, "பராக்குப் பாத்துக்கிட்டே நடந்தா முட்டத்தான் செய்யும்" என்று ஏசுவேன். அப்புறம் பகலிலும் பக்கவாட்டில் வருகிற ஆள் தெரியவில்லை. சைக்கிள்காரன் இடித்துவிட்டு அவரையே திட்டிவிட்டுப் போனான். ஒரு நாள் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஊதாங்குழலை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு, "இம்புட்டுத்தான் புள்ள தெரியுது. சுத்தி எல்லாம் இருட்டு" என்றார். நான் அந்தக் குழலை வாங்கி என் கண்ணில் வைத்துப் பார்த்தேன். அவருடைய மூக்கு மட்டும் தெரிந்தது.

அன்றிலிருந்து அவர் எதைப் பார்த்தாலும் கோழி மாதிரித் தலையைச் சாய்த்துச் சாய்த்துத்தான் பார்ப்பார். அந்தச் சின்ன ஓட்டைக்குள் பொருள் வந்து சேர வேண்டுமே. எங்கள் ஊர் மலைக்கோட்டை, எந்தத் தெருவில் நின்றாலும் கண்ணில் படுகிற அம்புட்டுப் பெரிய பாறை, அவருக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. மொட்டைமாடியில் நின்று, அடியிலிருந்து உச்சி வரைக்கும் தடவுவது போலப் பார்த்துக்கொண்டிருப்பார். பரீட்சைத் தாள்களை நான் வாசிப்பேன், அவர் மார்க் சொல்வார், நான் போடுவேன். எட்டாவதோடு நின்றவள் நான், அந்தத் தாள்களை வாசித்து வாசித்தே உலகத்து ஆறெல்லாம் எனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. கரும்பலகையில் உலகப் படத்தை அவர் பார்க்காமலே வரைவார், கை அப்படிப் பழகியிருந்தது.

மதுரையில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார். இதற்கு ஆபரேஷன் கிடையாது, சொட்டு மருந்தும் கிடையாது. ஒரு வருஷம் தெரியலாம், ஒன்றரை வருஷம் தெரியலாம், சிலருக்குக் கடைசியில் சட்டென்று மூடிக்கொள்ளும் என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் நான் வாடிப்பட்டி வரை அழுதேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம், என்னமோ காய்கறி வாங்கி வரலாமா என்று கேட்கிற குரலில், "பூமத்திய ரேகையைப் பாக்கணும் புள்ள" என்றார்.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. புருஷனுக்குக் கண்ணோடு புத்தியும் போகிறதோ என்று பயந்தேன். அவர் சொன்னார், ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் அந்தக் கோட்டைப் போட்டுக் காட்டுகிறாராம். ஒரு தடவை ஒருத்தன் எழுந்து, "நீங்க பாத்திருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டானாம். இல்லை என்றாராம். வகுப்பே சிரித்ததாம். "எல்லாத்தையும் பாக்க முடியாது. அது ஒண்ணையாவது பாத்துட்டா, நான் சொல்லிக்குடுத்தது பொய்யில்லன்னு இருக்கும்" என்றார். "அங்க என்ன இருக்கும்?" என்றேன். "ஒண்ணும் இருக்காது. அது ஒரு இடம்" என்றார். நான் நம்பவில்லை. இம்புட்டுப் பெரிய உலகத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிற இடத்தில் ஒரு எல்லைக்கல்கூடவா நட்டிருக்க மாட்டார்கள்?

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசி முடித்துவிட்டது, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை இருந்திருந்தால் இப்படிக் கிளம்பியிருக்கவும் முடியாது. என் கழுத்துச் சங்கிலி போயிற்று, பாஸ்போர்ட்டு வந்தது. இலங்கை வழியாக மலாயா, அங்கிருந்து சிங்கப்பூர், அதற்குத் தெற்கே எங்கேயோ கடலில் அந்தக் கோடு. கப்பலில் மேல்தளத்து டிக்கெட், சத்திரத்தில் தூக்கம், சொந்தச் சட்டியில் சோறு. பையில் இரண்டு மாற்றுத்துணி, ஒரு பாய், அலுமினியச் சட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு, மிளகாய்ப்பொடி. முழுப்பரீட்சை லீவோடு இன்னும் கொஞ்சம் லீவு சேர்த்து வாங்கிக்கொண்டார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் செம்பட்டிக்கு மேற்கே விவசாய வீட்டில் பிறந்தவள். வருஷம் தவறாமல் அப்பா எங்களை வண்டி கட்டிப் பழனிக்குக் கூட்டிப்போவார். போகிற வழியில் எங்கேயும் நிற்கக் கூடாது. சொந்தக்காரர் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டாலும் இறங்கக் கூடாது. அடிவாரத்தில் வளையல் கடை, பொம்மைக் கடை, ராட்டினம், எல்லாவற்றையும் தாண்டித் தலையைக் குனிந்துகொண்டு மலையேற வேண்டும். நாங்கள் அழுதால் அப்பா ஒரே வார்த்தைதான் சொல்வார்: "மொதல்ல சாமி. மத்ததெல்லாம் வரும்போது பாத்துக்கலாம்." சொன்னபடி வரும்போது கேட்டதெல்லாம் வாங்கியும் தருவார். அதனால் அந்த வழக்கத்தில் ஒரு குறையும் எனக்குத் தோன்றியதில்லை. அது ரத்தத்தில் ஊறிவிட்டது.

இந்தப் பயணத்துக்கும் நான் அதே சட்டத்தைத்தான் போட்டேன். அவர் கண்ணில் மிச்சமிருப்பது கொஞ்சம். அதைக் கண்டதிலும் செலவழித்துவிட்டால், கோட்டுக்குப் போய்ச் சேரும்போது என்ன செய்வது? கண்ணென்ன கருப்பட்டியா, கரைந்துபோக? இதை இன்றைக்கு எழுதும்போது எனக்கே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் அன்றைக்கு அப்படித்தான் நம்பினேன். மானாமதுரை தாண்டியதுமே, "கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்க. வேணுங்கிறப்ப நான் சொல்றேன், தெறந்துக்கங்க" என்று ஈரத்துண்டை அவர் கண்ணில் போட்டுவிட்டேன். பாம்பன் பாலத்தில் ரயில் கடல்மேல் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் பச்சைத் தண்ணீர். பெட்டியில் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். அவர் துண்டைத் தூக்கினார். "செத்த நேரம் பாத்துட்டு மூடிருங்க" என்றேன். மூடிக்கொண்டார்.

கப்பலேறுமுன் ஒரு முகாமில் வைத்து எல்லோரையும் சோதித்தார்கள். அம்மை குத்தினார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், இமையைப் புரட்டிப் பார்த்தார்கள். கண் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். எங்களுக்குள் வீட்டிலேயே ஒரு வளையல் பாஷை உண்டு. படி வந்தால் ஒரு தட்டு, பள்ளம் வந்தால் இரண்டு தட்டு. அவர் டாக்டர் முன்னால் நின்றார், நான் பின்னால் பொம்பளைகள் வரிசையில் நின்றேன். டாக்டர் கையை ஓரமாக நீட்டி, "எத்தனை விரல்?" என்றார். நான் வளையலை மூன்று தரம் தட்டினேன். "மூணு." கையை இன்னொரு பக்கம் நீட்டினார். இரண்டு தரம். "ரெண்டு." அப்புறம் டாக்டர் வெறுமனே கையை மூடிக்கொண்டார். நான் வளையலை அசைக்கவில்லை. "ஒண்ணுமில்ல சார்" என்றார் என் வீட்டுக்காரர். டாக்டர் அவரைப் பார்க்கவில்லை, எட்டி என்னைப் பார்த்தார். "ஏம்மா, உங்க வளையலுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது" என்றார். "எதுக்குப் போறீங்க?" என்றார். "பாக்குறதுக்குங்கய்யா" என்றேன். வேறு பதில் எனக்குத் தெரியவில்லை. அவர் குனிந்து முத்திரையைக் குத்திவிட்டார். அந்த மனிதரின் பிள்ளைகுட்டி நன்றாயிருக்கட்டும்.

தனுஷ்கோடியில் சின்னக் கப்பல் ஏறி இறங்கினால் இலங்கை. ராத்திரி முழுக்க ரயில், விடிந்தால் கொழும்பு. பினாங்குக் கப்பல் வர ஐந்து நாளாகும் என்றார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சத்திரத்தில் தங்கினோம். அங்கே செம்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்திருந்தார், மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி. ஊர்க்காரர்கள் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "காலைல ரயிலேறுனா பொழுது சாயறதுக்குள்ள எங்க தோட்டத்துல நிக்கலாம் சார். ஒரு திருப்பத்துல நின்னீகன்னா ஏழு மலை வரிசையாத் தெரியும். தேயிலை பச்சைப் பாய் விரிச்சாப்புல கெடக்கும். நடுவால அருவி விழுகும். ரெண்டு நாள் இருந்துட்டு வந்துரலாம்" என்றார்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். தலையைச் சாய்த்து என் முகத்தைத் தேடிப் பிடித்தார். "போவமா புள்ள? ரெண்டு நாள்தான்."

"வரும்போது பாத்துக்கலாம்" என்றேன்.

"சும்மாதான இருக்கோம்."

"சும்மா இருந்தா கண்ணுக்கு நல்லது. மொதல்ல கோடு. மலை எங்கயும் ஓடிப்போகாது."

அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்கிற ஆளுமில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். நான் துண்டை நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். ஐந்து நாளும் துணி துவைத்தேன், சோறாக்கினேன், கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு நிறைவாக இருந்தது, ஏதோ உண்டியலில் போட்டு வைப்பதைப் போல.

கப்பல் வந்தது. மேல்தளத்தில் பாய் விரித்த இடம்தான் வீடு. சுற்றிலும் நூறு குடும்பம், நூறு அடுப்பு, நூறு குழந்தையின் அழுகை. முதல் நாள் வாந்தி, இரண்டாம் நாள் தலைசுற்றல், மூன்றாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் அடங்கியிருந்தது. நாலு பக்கமும் கடல், அலைகூட இல்லாமல் எண்ணெய் பூசினது மாதிரிக் கிடந்தது. கரை என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று. காலையும் மத்தியானமும் சாயங்காலமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஒரே நீளமான நாளாகிவிட்டது. அவர் என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே, "இப்ப நாம ஆறு டிகிரில போயிக்கிட்டிருக்கோம். நம்ம ஊரு பத்தே காலுக்கு மேல. மெல்லக் கீழ எறங்கிக்கிட்டிருக்கோம் புள்ள" என்பார். மாடியிலிருந்து படியிறங்குவதுபோல உலகத்தின் நடுவுக்கு இறங்கிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும். நானும் கண்ணை மூடிக்கொள்வேன். கப்பலின் அதிர்வு முதுகுத்தண்டில் ஏறும். யாரோ வெங்காயம் வதக்குகிற வாசனை வரும். அந்த நிமிஷத்தில் இது கடலா, எங்கள் அடுப்படியா, அவருக்குக் கண் தெரியுமா தெரியாதா, எதுவும் ஞாபகமிராது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நான் அவரோடு அப்படிச் சும்மா கிடந்ததே இல்லை. அந்தக் கப்பல் போய்ச் சேரவே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

பினாங்கில் ஒரு மலை இருக்கிறது, அதன் உச்சிக்கு ரயில் ஏறுகிறது என்றார்கள். வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பாம்புகள் நெளிகிற கோவிலொன்று இருக்கிறதாம். வரும்போது. அவர் இப்போதெல்லாம் நான் சொல்லுமுன்னே அவரே, "வரும்போது" என்று சொல்லிச் சிரித்தார். மலாயாவில் தெற்கே போகிற ரயிலேறினோம். மூன்றாம் வகுப்பு மரப்பலகை. வெளியே ரப்பர்க் காடு, வரிசை வரிசையாக, உள்ளே வெயிலே விழாத பச்சை இருட்டு. ஒரு பகல் முழுக்க அதே மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, எனக்குக் கண் சொக்கியது. அவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். துண்டுகூடத் தேவைப்படவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டே வந்தார். தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடுவதை விட்டுவிட்டார். அப்பாடா, மனுஷனுக்கு மனசு அமைதியாகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

சிங்கப்பூரில் அவருடைய பழைய மாணவர் ஒருவர் இருந்தார். பேகம்பூர்க்காரர், தகப்பனார் அங்கே தோல் மண்டி வைத்திருந்தவர். சின்ன வயதில் சட்டையில் தோல் வாடை அடிக்கிறதென்று இவர் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்களாம், என் வீட்டுக்காரர்தான் முன் பெஞ்சில் உட்கார வைத்தாராம். இப்போது தாடியும் குடும்பமுமாகப் பெரிய ஆள், கரி வியாபாரம். "சார் வந்திருக்காக, சார் வந்திருக்காக" என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எங்கே போக வேண்டும் என்று கேட்டார். பூமத்திய ரேகைக்கு என்றோம். அவர் சிரிக்கவில்லை. "அம்புட்டுத்தானே சார்? நம்ம கரிப் படகு தெக்குத் தீவுக்குப் போகுது. நாளைக்குக் காலைல ஏறுங்க. அதையும் தாண்டித்தான் போகும்" என்றார். அவர் சம்சாரம் எனக்குத் தேங்காய்ப்பால் சோறு கட்டிக் கொடுத்தாள்.

அந்தப் படகில் நாங்களும் நாலு மலாய்க்காரர்களும்தான். கரித்தூள் எங்கும் ஒட்டியது. ஒரு ராத்திரி போயிற்று. மறுநாள் காலையில் படகுத் தலைவர் கையைக் காட்டி, விரலை மடக்கி, இன்னும் செத்த நேரம்தான் என்று ஜாடை சொன்னார். நான் என் வீட்டுக்காரருக்கு முகம் கழுவிவிட்டேன். தலை சீவிவிட்டேன். கரித்தூள் படாத வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். சாமி பார்க்கப் போகிறோமில்லையா? படகின் முன்பக்கம் கூட்டிப்போய் நிறுத்தி, "இப்பத் தெறந்துக்கங்க. நல்லாப் பாருங்க" என்றேன்.

கடல் வெள்ளைவெளேரென்று கிடந்தது. வானமும் அதே வெள்ளை. எது முடிந்து எது ஆரம்பிக்கிறதென்று தெரியவில்லை.

"என்ன தெரியுது?" என்றார்.

"தண்ணி."

"வேற?"

"தண்ணிதான்."

கொஞ்சம் கழித்து மறுபடி, "இப்ப?" என்றார். நான் எட்டி எட்டிப் பார்த்தேன். கல் இல்லை, கம்பம் இல்லை, கொடி இல்லை. ஒரு பறவைகூட இல்லை. அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஒண்ணுமே இல்லங்க! இதைப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்? நீங்களே பாருங்களேன், என்னைய எதுக்குக் கேக்குறீங்க?" என்று கத்திவிட்டேன். அப்போதுதான் படகுத் தலைவர் சிரித்துக்கொண்டே பின்னால் கையைக் காட்டினார். தாண்டியாயிற்று.

அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். "எனக்கு நாலு நாளா ஒண்ணுமே தெரியல புள்ள. ரயில்ல வாறப்பவே மூடிருச்சு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கோபம்தான் வந்தது, வேறென்ன வரும். "ஏன் சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அவர் நெஞ்சில் குத்தினேன்.

"சொல்லியிருந்தா நீ அங்கனயே எறங்கித் திரும்பிருப்ப. சாமியப் பாக்காமப் பாதி வழில திரும்பலாமா?" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். நான் அந்தக் கரிமூட்டைமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மலாய்க்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாம்பன் பாலத்தில் மூடச் சொன்னேன். கொழும்பில் ஐந்து நாள் மூடச் சொன்னேன். பினாங்கில் மூடச் சொன்னேன். மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து, ஒன்றுமே இல்லாத இடத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றும் தெரியாத கண்ணைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன். பாவி நான். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே, "அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டியே. அப்பறம் என்ன? புஸ்தகத்துல இருக்கிறது சரிதான்" என்றார்.

திரும்பும்போது எங்கேயும் நிற்காமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றுதான் இருந்தேன். யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. அவர் விடவில்லை. "வரும்போது பாக்கலாம்னு சொன்னல்ல? நட" என்றார். பினாங்கு மலைரயிலில் ஏறினோம். உச்சியில் நின்று நான் சொன்னேன், அவர் கேட்டார். "கீழ ஊரு சின்னதாத் தெரியுது. வீடெல்லாம் தீப்பெட்டி. கப்பல் ஒண்ணு நிக்குது, நாம வந்த கப்பல்தான் போல." "என்ன கலரு?" "அழுக்குக் கலரு." அவர் சிரித்தார். பாம்புக் கோவிலில் நான் வாசலிலேயே நின்றுகொண்டு, "பாம்பு இருக்கு. அம்புட்டுத்தான் சொல்லுவேன்" என்றேன். போகப் போகப் பழகிவிட்டது. கப்பலில் படுத்துக்கொண்டு மேகத்தைக்கூட விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். அழுகை வந்தால் இருமுவதுபோலத் தொண்டையைச் செருமிக்கொள்வேன். அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

கொழும்பில் இறங்கி, கங்காணிக்குச் சொல்லியனுப்பி, மலைநாட்டு ரயிலேறினோம். கங்காணி ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். தோட்டத்துப் பாதையில் நடத்திக் கூட்டிப்போய், ஒரு வளைவில் நிறுத்தி, "இதுதான் சார் அந்தத் திருப்பம். இங்கனயே நில்லுங்க, நான் முன்னால போயி வீட்டுல டீத்தண்ணி போடச் சொல்றேன்" என்று போனார். போகும்போது என்னைப் பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போனார்.

எனக்கு முன்னால் ஒன்றும் இல்லை. மழைக்காலம் பிறந்துவிட்டது. மலையை மேகம் மொத்தமாக மூடியிருந்தது. பத்தடிக்கு அந்தப்பக்கம் வெறும் வெள்ளை. எங்கேயோ கீழே தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவர் என் தோளில் கைவைத்து நின்றார். "சொல்லு புள்ள. நல்லா நிதானமாச் சொல்லு. இதைத்தான் பாக்கணும்னு இருந்தேன்."

நான் வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அவரிடம் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். "ஏழு மலை நிக்குது. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. தேயிலை பச்சைப் பாய் விரிச்சாப்புல கெடக்கு. பொம்பளைக கூடையத் தலைல மாட்டிக்கிட்டுக் கொழுந்து கிள்ளுறாக. ஒருத்தி செவப்புச் சேலை கட்டியிருக்கா. நடுவால அருவி, வெள்ளைத் துண்டைக் காயப் போட்டாப்புல. வெயில் பட்டு மினுங்குது." குரல் உடையாமல் சொல்லி முடித்தேன். அவர் என் தோளிலிருந்து கையை எடுத்துத் தன் முகத்தைத் தடவினார். உள்ளங்கையில் ஒட்டிய ஈரத்தை விரல்களால் தேய்த்துப் பார்த்தார்.

"ஏ புள்ள. மேகம்தான மூடிக்கெடக்கு?"

"ஆமாங்க" என்றேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "என் தப்புதான், எல்லாம் என் தப்புதான்" என்று அழுதேன்.

"எதுக்கு இப்ப அழுகுற?" என்றார். "இது மலை. எப்பவும் மூடித்தான் கெடக்கும். அன்னைக்கே வந்திருந்தாலும் இதேதான். நாம ஒண்ணையும் விட்டுறல."

நான் தலையை ஆட்டினேன். தலையாட்டினால் அவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்து, "ஆமாங்க, இதேதான்" என்று வாய்விட்டும் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு கங்காணி வீட்டுப் பக்கம் நடந்தோம்.

போகும்போது தங்கின அந்த ஐந்து நாளும் கொழும்பு வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. விடியற்காலையில் துறைமுகத்துச் சுவரோரம் நின்றால் கிழக்கே, அம்புட்டுத் தூரத்திலும், மலைகள் நீலமாக, கூர்கூராகத் தெரிந்தன. துணி துவைக்கிற அவசரத்தில் நானாக அந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டேன். ஒரு நாள் துண்டை விலக்கி, கண்ணில் மிச்சமிருந்ததை வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, "அந்தா பாரு புள்ள, எம்புட்டுத் தெளிவாத் தெரியுது" என்று விரலை நீட்டி எனக்குக் காட்டியதே அவர்தான்.